பட்டியலில் மாறிய மூன்று பேர்

அறைக் கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறந்தாள் ஜெயராணி.

வெளியே, அந்தமானின் மாயாபந்தர் அலுவலக வராந்தாவில் ஐம்பது பேருக்குக் குறையாமல் காத்திருந்தார்கள். சுகாதாரப் பணியாளர் வேலைக்குத் தேர்வான பன்னிரண்டு பேரின் பட்டியலை மூன்று மணிக்கு ஒட்டியாக வேண்டும். மணி இரண்டரை.

காலையிலிருந்து நெட் இல்லை. கட்டம் கட்டமாக ஓடி மதிப்பெண் கணக்குப் போடும் நிரலான நோட்புக் பிரவுசரில் திறக்காமல் சுற்றிக்கொண்டே நின்றது. அதன் நகல் ஒன்றை லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்தாள். பிரவுசரை மூடிவிட்டு, நெட் தேவைப்படாத எடிட்டர் ஒன்றில் நகலைத் திறந்தாள். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை வரிசையாக ஓடவிட்டாள்.

பட்டியல் வந்தது. ஒரு பெயரைத் தேடி மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். விரல் கடைசி வரிக்கு வந்து நின்றது.

இன்னும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். அதே பட்டியல்தான். வீட்டிலிருந்து போன் வந்தது. எடுக்காமல் கவிழ்த்து வைத்துவிட்டு, தாளை அச்சடித்தாள்.

கதவை யாரோ பலமாகத் தட்டினார்கள். திறந்தால், சூப்பரின்டெண்ட் ஹரிஹரன். பிரவுசரில் நேற்று வந்த பட்டியலை அவர் தன் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். தாளை வாங்கி அதோடு ஒப்பிட்டார். மூன்று பெயர்கள் மாறியிருந்தன.

"க்யா ஹை யே? என்ன இது? கதவைப் பூட்டிக்கிட்டு யாரை உள்ள நுழைச்ச?"

ஜெயராணி திக்கித் திணறிச் சொன்னாள். வெளித்தீவுகளிலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு ஐந்து மதிப்பெண் கூட்டும் கட்டம் ஒன்று இருக்கிறது. நேற்று பிரவுசரில் அதைத் தான் தெரியாமல் இரண்டு தரம் ஓட்டிவிட்டதாகவும், அவர்களுக்கு ஐந்துக்குப் பதில் பத்து ஏறிவிட்டதாகவும் ஒப்புக்கொண்டாள். இன்று எடிட்டரில் புதிதாக ஓட்டியதால் ஒரே தரம்தான் ஏறியது. அதில் கட்சால் தீவுக்காரர்கள் மூன்று பேர் கீழே போய்விட்டார்கள்.

அவர் முகம் இளகவில்லை. வராந்தாவில் சத்தம் கூடியது. நேற்றைய பட்டியலையே ஒட்டிவிடுவதாகவும், அவளை இன்றோடு வேலையைவிட்டு அனுப்பப்போவதாகவும் சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"கட்சால்லேர்ந்து வந்து இங்க சேந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள இந்த வேலை. சச் போலோ, உண்மையைச் சொல்லு. புதுசா வந்திருக்கிற மூணு பேர்ல யாரு உன் ஆளு?"

ஜெயராணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பட்டியலுக்குள் வந்த மூவரையும் தனக்குத் தெரியவே தெரியாது என்றாள்.

"பட்டியல்லேர்ந்து வெளிய போன முருகானந்தம்தான் சார், எங்க வீட்டுக்காரரு."