பதினேழாவது பெயர்

"அது பொய்ச் செய்திதான் டீச்சர். எத்தனை தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்."

மாலை வகுப்பில் இங்கிலீஷ் படிக்க வரும் காவலாளி இப்படி முரண்டு பிடிப்பார் என்று ஆங்கில ஆசிரியை எதிர்பார்க்கவில்லை. 'ஃபேக் நியூஸ்' பாடத்துக்காக, மூன்று பத்திரிகைச் செய்திகள் ஒட்டிய தாளை வகுப்புக்குக் கொடுத்திருந்தாள். இரண்டு அவளே கட்டிய கதைகள். மூன்றாவது, முப்பது வருடங்களுக்கு முன் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கிய உண்மைச் செய்தி.

"தேதி இருக்கு, போட்டோ இருக்கு, செத்துப்போன இருபது பேரோட பேரும் இருக்கு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்றாள்.

"அண்ணன் கூடவே இருந்து பார்த்த மாதிரி அடிச்சு விடுறார் டீச்சர்," என்றார் பக்கத்து பெஞ்சு டிரைவர். "ஏண்ணே, நீங்களும் அந்தக் கப்பல்லதான் போனீங்களோ?"

வகுப்பே சிரித்தது.

"ஆமா," என்றார் காவலாளி. "பதினேழாவது பேரு என்னோடது."

ஆசிரியை வருகைப் பதிவேட்டைப் பார்த்தாள். பிறகு செய்தியைப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து அதே பெயர்.

"மீன்பிடிப் படகு ஒண்ணு காப்பாத்தி வேற நாட்டுல இறக்கி விட்டுச்சு. கையில ஒரு பேப்பரும் இல்லாம நான் வீடு வந்து சேர ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள, அம்மா முன்னாடியே போயிட்டா, இப்ப அப்பாவும் இல்லாத பிள்ளைன்னு என் மகளை வெளிநாட்டுக்குத் தத்துக் குடுத்துட்டாங்க. போன வாரம்தான் அவ போன் நம்பர் கிடைச்சது. அவளுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும்."

காவலாளி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"தெரியாத நம்பர்ல இருந்து யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்கன்னு நேத்து சொல்லிக் குடுத்தீங்க. அவளுக்கும் யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க. அவ போனை வெச்சிடாம இருக்க, முதல்ல என்ன சொல்லணும்? அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிக் குடுங்க டீச்சர்."