மணிக்கூட்டுக் குண்டு

புத்தளத்தில பழஞ்சாமான் வாங்கி விக்கிற மஸாஹிர் நானா எங்கட ஆளுயர மணிக்கூட்டைச் சுத்திச் சுத்திப் பாத்தார்.

"இங்கிலாந்தில செஞ்சு கப்பல்ல வந்தது, தங்கச்சி. இருநூறு வருசமிருக்கும். கன மணிக்கூட்டில முகம் ஒரு மணிக்கூட்டுட, உடம்பு வேற மணிக்கூட்டுட. இது பிறந்த மாதிரியே இருக்கு."

எனக்குப் பெருமை தாங்கல. என்ர அப்பா கடலுக்குப் போன மனுசன். கற்பிட்டியில ஒரு பங்களாச் சாமானை ஏலம் விடக்குள்ள எடுத்து, பிறகு எனக்குச் சீதனமாத் தந்தது. எங்கட கண்டக்குழியில வேற ஆரிட்ட இருக்கு இப்பிடியொண்டு? விக்க மனமில்லதான். ஆனா எங்கட போட் எஞ்சின் பழுதாகி ரெண்டு மாசம். நானா சொன்ன விலைக்குப் புது எஞ்சினே எடுக்கலாம்.

என்ர மனுசன் யாக்கோபு மணிக்கூட்டுக்குப் பக்கத்திலயே நிண்டார். சாவி குடுக்கிறது, தூசி தட்டிறது எல்லாம் இவர்தான். என்னைக் கிட்டவும் விடமாட்டார்.

நானா கீழ்க்கதவைத் திறந்தார். உள்ளுக்குத் தொங்க வேண்டியது ரெண்டு ஈயக் குண்டு. ஒண்டு மணிக்கூடு ஓட, மற்றது மணியடிக்க. தொங்கினது ஒரு குண்டும், மண் நிரப்பின பால்மாத் தகரப் பேணியும்.

"மற்றக் குண்டு எங்க?"

இவர் தலையைச் சொறிஞ்சார். "நான்தான் உருக்கினன். வலையில கட்ட ஈயம் போதாமப் போச்சு."

எனக்கு விசர் வந்திச்சு. அப்பா கண்ணுக்குள்ள வச்சுப் பாத்த சாமானை உருக்கின மனுசனோடயா இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினன் எண்டு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னன். அப்பாட கால் தூசிக்கும் காணமாட்டீங்க எண்டும் சொன்னன்.

நானா பாதி விலைதான் தரலாம் எண்டார். வேற வழி? ஓம் எண்டன்.

லொறியில ஏத்தக்குள்ள நானா பேணியைக் கழட்டி என்ர கையில தந்திட்டுப் போனார். எறிவம் எண்டு பின்பக்கம் கொண்டுபோய் மண்ணைக் கொட்டினன். பேணிக்கு அடியில வருசம் அடிச்சிருந்திச்சு. 1994.

எங்களுக்குக் கலியாணம் நடந்தது 1999இல. அதுவரைக்கும் மணிக்கூடு அப்பாட வீட்டிலதான்.

பேணியோட வந்து இவருக்கு முன்னால நிண்டன். எனக்கு வெக்கமாப் போச்சு, அழுகையும் வந்திச்சு. ஏன் சொல்லல எண்டு மட்டும் கேட்டன்.

"என்னை ஏசினா பின்னேரத்துக்குள்ள சமாதானமாயிருவாய், றோசமேரி. செத்துப்போன அப்பாவை ஏசினா, ஆரிட்டப் போய்ச் சமாதானமாவாய்?"