முப்பத்துநாலு டன்

கான்ட்ராக்டர் தாண்டவராயன் அந்த மாதம் கும்பிடாத சாமி இல்லை. மேல்மலையனூரில் எலுமிச்சம்பழ மாலை, இரும்பைச் சிவனுக்கு வில்வம், எல்லாம் ஆயிற்று. ஆனால் அவருடைய தலையெழுத்து சாமி கையில் இல்லை. விழுப்புரத்துக்கு வெளியே ஓர் இன்ஜினீயரிங் காலேஜ் லேபில், மூன்று கான்கிரீட் க்யூப்களாகத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமத்துக்கு அவர் குடிநீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்தார். அதுவரை அரிசி மில்லும் கல்யாண சத்திரமும் கட்டிப் பிழைத்தவருக்கு அதுதான் முதல் சர்க்கார் வேலை. பர்மிட்டில் வந்த சிமெண்டில் பாதி தொட்டிக்குப் போயிற்று. மீதிப் பாதி அவர் சொந்த வீட்டின் மேல் மாடியாக ஏறிவிட்டது.

யாரும் கவனிக்கவில்லை. நோட்டும் கையுமாக ஒரு பெண் மட்டும் மூன்று நாள் வெயிலில் நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மலேரியா கணக்கெடுக்கிற பொண்ணு போல இருக்குது, மோர் குடு" என்று சொல்லிவிட்டு தாண்டவராயன் ஜீப்பில் ஏறிப் போனார்.

புதிதாக மாற்றலாகி வந்த இன்ஜினீயர் சக்கரபாணிதான் வினையை இழுத்துவிட்டார்.

"உங்க கலவையில மூணு க்யூப் வார்த்து காலேஜுக்கு அனுப்புங்க. இருபத்தெட்டு நாள் ஊறட்டும். அப்புறம் மெஷின்ல வெச்சு அழுத்துவாங்க. முப்பத்துநாலு டன் தாங்கலைன்னா தொட்டிய இடிச்சுட்டு, உங்க செலவுல மறுபடியும் கட்டணும்."

தாண்டவராயனுக்குச் சோறு இறங்கவில்லை. இடித்துக் கட்டினால் மாடி வீடே கைமாறிப் போகும்.

"இதுக்கு ஏன் மொதலாளி பேஜாராவுறீங்க?" என்றான் மேஸ்திரி சின்னதுரை. "க்யூப்பு வாக்கறது என் வேல. எத்தினி சர்க்கார் வேல பாத்துக்கிறேன். நானு..."

"நீ வாய மூடிக்கினு கரண்டியப் புடி. இது மூளையால பண்ற வேல."

மூளையால் செய்கிற வேலைக்கு முதல் படியாக, ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலை லேப் அட்டெண்டர் முருகையன் வீட்டில் இறங்கியது. முருகையன் கேட்காததையும் சேர்த்தே சொன்னான்.

"நாளைக்கு பசங்க க்யூப்பையும் ஒங்க க்யூப்பையும் ஒண்ணாத்தான் சார் ஒடைக்கப் போறாங்க. மூணாவது வருஷப் பாடத்துக்கு ஆளுக்கு மூணு வாக்கணும். அதுக்கு மார்க் உண்டு."

"அதுல யாரு கெட்டி?"

"கிருஷ்ணவேணின்னு ஒரு பொண்ணு. க்ளாஸ்லயே மொதல் மார்க்கு. மணலக்கூட மூணு வாட்டி எடை போடும். அது வாத்தா ஒரு பிசகு இருக்காது சார்."

மறுநாள் லேபில் க்யூப்களை வெளியே எடுத்து, மூன்று மூன்றாகப் பலகைகளில் வைத்திருந்தார்கள். மேலே எழுதியிருந்த எண்களெல்லாம், அட்டை வைத்த பிறகு ஈரம் துடைத்ததில் அழிந்துவிட்டன. முன்னால் சாய்த்து வைத்த பேர் அட்டைதான் அடையாளம். மத்தியானம் முருகையன் கதவைப் பூட்டாமல் சாப்பிடப் போனான். தாண்டவராயன் உள்ளே போய், தன் அட்டையையும் கிருஷ்ணவேணியின் அட்டையையும் இடம் மாற்றிவைத்தார். அரை நிமிஷ வேலை.

அந்தப் பெண்ணுக்கு மார்க் போய்விடுமே என்று கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. படிக்கிற பிள்ளை, அடுத்த தடவை வாங்கிக்கொள்ளும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

இரண்டு மணிக்குப் பேராசிரியர், இன்ஜினீயர், மாணவர்கள் எல்லோரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். முதலில் தாண்டவராயன் பேர் போட்ட க்யூப். முள் பத்தைத் தாண்டியது, பதினைந்தைத் தாண்டியது. பதினேழில் படீரென்று நொறுங்கியது.

அடுத்தது பதினாறு. மூன்றாவதும் பதினேழு.

"தொட்டிய இடிக்க வேண்டியதுதான்" என்று சக்கரபாணி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

பிறகு கிருஷ்ணவேணி பேர் போட்ட க்யூப். முப்பத்துநாலைச் சாதாரணமாகக் கடந்து, ஐம்பத்திரண்டு டன்னில்தான் விரிசல் விட்டது. பையன்கள் கை தட்டினார்கள்.

தாண்டவராயன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் சின்னதுரை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"பாஸ்தானே மொதலாளி? அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்கதான் கேக்கல. டெஸ்ட்டுக்குப் போற க்யூப்புல மட்டும் எந்த மேஸ்திரியும் சிமெண்ட்ட ரெட்டிப்பாப் போடுவான். சர்க்கார் வேலயில அதான் பழக்கம். நம்ம க்யூப்ப யானை மிதிச்சாலும் ஒடையாது!"

தாண்டவராயன் மெஷின் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு டன் தாங்கியது தன் க்யூப்! சும்மா இருந்திருந்தாலே ஜெயித்திருப்பார். அப்படியானால் பதினேழில் நொறுங்கியது அந்தக் கெட்டிக்காரப் பெண்ணுடையதா? மணலை மூன்று தடவை எடை போடுகிறவள் இவ்வளவு மட்டமாகவா வார்ப்பாள்?

உள்ளேயிருந்து கிருஷ்ணவேணியின் அழுகுரல் கேட்டது.

"இது தப்பு சார்! என் க்யூப் பதினேழு டன்னுலதான் ஒடையணும். கணக்குப் போட்டு நோட்டுல எழுதியே வெச்சிருக்கேன், பாருங்க சார்!"

"பதினேழா? வெளியில நடக்கற ஒரு வேலையப் பாத்து, அதே கலவையில வாக்கணும்னுதான் பாடம். நீ பாத்தது எந்த ஊர்க் கலவைம்மா?" என்றார் பேராசிரியர்.

"திண்டிவனத்துப் பக்கத்துல ஒரு குடிநீர்த் தொட்டி கட்டறாங்க சார், அங்க மூணு நாள் நின்னுக்கினு, எத்தினி கூடை மணலுக்கு எத்தினி மூட்டை சிமெண்ட்டுன்னு எண்ணிக்கினு வந்து, அச்சு அசலா அதே கலவைலதான் சார் வாத்தேன்!"