இருபது முகப் பகடை

"உன் மந்திரக்காரிக்கு வைத்தியத் திறமை உச்சத்துல இருக்கு. அப்புறமும் குணமாக்குற மந்திரத்துக்கு எதுக்குப் பகடை?" என்றான் விமல்ராஜ். ரெட்டியார்பாளையத்தில் அவன் வீட்டு மொட்டைமாடியில்தான் ஞாயிறுதோறும் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் அந்தக் கற்பனை ஆட்டம். விதிகளும் அவன் வகுத்தவை.

"திறமை இருந்தா பலிச்சிடுமா? உருட்டித்தான் ஆவணும்" என்றாள் அஸ்ஃபியா. "இருபது முகத்துல ஏதாச்சும் ஏழு முகத்துக்குக் காயம்பட்டவன் பொழைக்கட்டும். மத்தது விழுந்தா சாவட்டும்."

"உன் ஆட்டத்தை நீயே கெடுத்துக்கிறியே! ஏழுன்னு எங்க புடிச்ச?"

பகடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், வைத்திக்குப்பத்துப் பெண் ஒருத்தி அவளுடைய வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரரு பொழச்சுக்குவாரா டாக்டரம்மா?"

"முடிஞ்சதைச் செய்யறோம்மா."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். இந்த மாதம் அவள் பார்த்தவர்கள் இருபது பேர். வீடு திரும்பியவர்கள் ஏழு.