கைப்பக்குவம்

ஈயம் நஞ்சு. ஆனால் பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தில் செய்யும் சோலார் செல்லில் நல்ல மின்சாரம் தருவது அதுதான். அதற்குப் பதிலாக வெள்ளீயம் போட்டு அதே செல்லைச் செய்வதுதான் தென்கொரியாவில் எங்கள் தேஜான் ஆய்வுக்கூடத்தின் வேலை. பத்து வருடங்களுக்கு முன் பேராசிரியர் பியோன் செய்த செல் உலக சாதனை. அதே செய்முறையில் வேறு யார் செய்தாலும் பாதி மின்சாரம்கூட வராது. இரண்டே நாளில் கெட்டுப்போகும்.

"கிம்ச்சி ஊறுகாய் மாதிரிதான். எல்லார்கிட்டயும் அதே முட்டைக்கோஸ்தான் இருக்கு, கைப்பக்குவம் வேணும்ல," என்பார். அவரிடம் ஆய்வு செய்த நான்கு பேர் அந்த மின்சாரத்தை எடுக்க முடியாமல், பட்டம் வாங்காமலே போய்விட்டார்கள்.

ஐந்தாவது ஆளான நான், இன்று அதே மின்சாரத்தை எடுத்துக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

"எப்படிம்மா ஹேவோன்?"

"கண்ணாடி அலமாரியில ஞாபகார்த்தமா வச்சிருக்கீங்களே சார், உங்க பழைய கரண்டி. அதுலதான் வெள்ளீயப் பொடியை அள்ளிப் போட்டேன்."

"பாத்தியா," என்று சிரித்தார்.

"அப்புறம் கரண்டியைச் சோதிச்சேன் சார். பூரா ஈயம் ஒட்டியிருக்கு."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். கரண்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"கழுவிடாத. அடுத்த மாசம் உனக்குப் பட்டம். கைப்பக்குவம் வந்துடுச்சு."