சிங்கப்பூர் அழைப்பு

பினாங்கில் துரைமார்களின் கோல்ஃப் கிளப்பில் இருபது வருடங்களாக ஆட்டம் கற்றுக்கொடுத்து வந்த மாசிலாமணியை, சிங்கப்பூர் கிளப் ஒன்று தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. அவர் மறுத்துவிட்டார்.

மைத்துனர் சிவக்கொழுந்து கொதித்தார். "இங்கே போட்டியில உங்களைச் சேர்க்கவே மாட்டேங்கிறாங்க. அங்கே ஆடவும் விடுறாங்க. இன்னும் ஏன் மச்சான் இவங்க காலடியிலேயே கிடக்குறீங்க?"

பிறகு தன் அக்கா அஞ்சலையின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீயாவது சொல்லு லா!"

அஞ்சலை மெதுவாகச் சொன்னாள்: "நானும் வரமாட்டேன் தம்பி. ஏழாவது குழிக்குப் பக்கத்துல ஒரு புளியமரம் நிக்குது. அங்கே மைதானம் போடுறதுக்கு முன்னாடி, எங்க மூத்த பிள்ளையை அந்த மரத்தடியிலதான் புதைச்சோம். வேலி போட்டதும் நம்ம ஆளுங்களை உள்ளே விடலை. தினமும் அவன்கிட்ட போய்வரணும்னுதான் இவரு இந்த ஆட்டத்தையே கத்துக்கிட்டாரு."