இரண்டாவது போட்டியாளர்

ஒரே ஒருத்தி கலந்துகொண்டால் அது போட்டி ஆகாது என்று நடுவர் சபாபதி சொல்லிவிட்டார்.

அதையும் எப்போது சொன்னார் தெரியுமா? பிச்சாவரம் பக்கத்து உப்பங்கழியில் இசைவாணி மூன்று மிதவைகளைச் சுற்றிவிட்டு விழுந்து, சொட்டச் சொட்டக் கரையேறி, அவள் அப்பா கலியமூர்த்தி லட்டு டப்பாவைத் திறந்த பிறகு. அப்போதுதான் அந்த மனிதருக்கு விதிப்புத்தகத்தின் அந்தப் பக்கம் கண்ணில் பட்டிருக்கிறது.

"ரெண்டு பேராவது எறங்கணும் சார். இல்லாட்டி சர்ட்டிஃபிகேட் தர முடியாது."

சர்ட்டிஃபிகேட்டுக்காகத்தானே இத்தனை பாடும்! மாவட்டத்தில் முதலிடம் என்று ஒரு தாள் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் மகளுக்குக் கல்லூரி சீட்டு. கபடிக்கு அனுப்பினால் திட்டக்குடிப் பெண்கள் நார்நாராகக் கிழித்துவிடுவார்கள். கடலூர் மாவட்டத்தில் யாருமே ஆடாத விளையாட்டு எது என்று சல்லடை போட்டுத் தேடி, நீர்ச்சறுக்கைக் கண்டுபிடித்தவர் கலியமூர்த்தி. அதிலும் ஸ்லாலம். ஒற்றைப் பலகையில் இரண்டு காலையும் முன்பின்னாக மாட்டிக்கொண்டு, படகு இழுக்க, மிதவைகளை வளைந்து வளைந்து சுற்ற வேண்டும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூதானே சர்க்கரை.

பலகை விற்றவன் மகளின் எடையைக் கேட்டான். எடைக்குத் தகுந்த நீளம் என்றான். கலியமூர்த்தி பள்ளிச் சீருடை வாங்குகிறவர் மாதிரி, "வளர்ற புள்ள, ரெண்டு சைஸ் ஜாஸ்தியாவே குடுங்க" என்றார்.

இசைவாணி அதற்குப் பிறகு ஓர் அங்குலம்கூட வளரவில்லை.

செம்மண்டலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர் அதற்கெல்லாம் அசருவாரா? பலகையோடு வந்த பூட்ஸுக்குள் ஸ்பாஞ்சைத் திணித்தார். வால் பக்கம் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டை அல்லன் கீயால் தளர்த்தி, வெர்னியர் வைத்து அளந்து, கால் மில்லிமீட்டர் முன்னே தள்ளினார், அரை மில்லிமீட்டர் பின்னே இழுத்தார். எட்டு மாதம், ஞாயிறு தவறாமல். விழுவது மகள் இல்லை, தகடுதான் என்பது அவர் கட்சி. மகளை ஒரு சொல் சொன்னதில்லை. தகட்டைத் திட்டாத திட்டு பாக்கியில்லை.

இப்போது இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? வயது வரம்பு உண்டா, ஆண் பெண் தனித்தனியா என்று கேட்டார். சபாபதி புத்தகத்தை இரண்டு முறை புரட்டிவிட்டு, அப்படி எதுவும் போடவில்லை என்றார்.

"அப்ப நானே எறங்குறேன். எறங்குன கையோட வுழுந்துர்றேன்."

நல்ல யோசனைதான். விழுவதற்கு வகுப்புக்கா போக வேண்டும்? எட்டு மாதத்தில் ஒருநாளும் அந்தப் பலகையில் ஏறாத மனிதர், வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பட்டாப்பட்டி டிரவுசருக்கு மேலே லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஸ்பாஞ்சைப் பிடுங்கி எறிந்ததும் கால் அளவாகப் போய் உட்கார்ந்தது. படகு உறுமியது.

அவர் விழவில்லை.

எப்படி விழுவார்? விழாமல் இருப்பதற்கென்றே எட்டு மாதம் பார்த்துப் பார்த்துத் திருகிய பலகை ஆயிற்றே! அவரைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிமிர்த்தி நிறுத்தியது. முதல் மிதவையை அவர் சுற்றவில்லை, பலகை சுற்றியது. இரண்டாவதில் அவரும் கொஞ்சம் சாய்ந்து கொடுத்தார். அடடா, என்ன சுகம்! ஐம்பத்திரண்டு வயதுக்குள் தைத்த சட்டையோ பார்த்த வேலையோ எதுவும் அவருக்கு இப்படி அளவாக அமைந்ததில்லை.

மூன்றாவதைச் சுற்றுவதற்குள் விழுந்தாக வேண்டும். சுற்றிவிட்டால் மகளுக்குச் சமம். அதற்கும் மேலே போனால் சீட்டு போச்சு. பிடித்திருக்கும் கயிற்றை விட்டால் போதும், விழுந்துவிடலாம்.

இசைவாணி கரையோரமாக ஓடிவந்துகொண்டே கத்தினாள்.

"யப்பா! கயித்த வுடுப்பா!"

கேட்டது. நன்றாகவே கேட்டது. அவள் அழுகிறாள் என்பதும் தெரிந்தது.

கலியமூர்த்தி வலது கையை விட்டார். கரையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

விட்ட கையின் கட்டைவிரலை உயர்த்திப் படகுக்காரனுக்குக் காட்டினார், இன்னும் வேகமாகப் போ என்று.